முன்பல் இம்ப்ளான்ட்: மொத்தமாகக் கட்டுவதா, தவணையா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு மாதத்துக்கு முன் கீழே விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு உடைந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல் வைத்திருக்கிறேன். இம்ப்ளான்ட்டுக்கு (தாடை எலும்பில் திருகு வைத்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவது) சொல்லும் தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம்; மொத்தமாகக் கட்டினால் 8 சதவீதம் தள்ளுபடி. அவசரச் சேமிப்பு நான்கு மாதச் செலவுக்குத்தான் வரும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பொருத்தும் செயற்கைப் பல்) போட்டால் செலவு குறையும் என்கிறார் அண்ணன். இரண்டு வருடம் சேர்த்துவிட்டு அப்புறம் செய்யலாமா?

பதில்: முன்பல் போனவர்கள் பலர் இதை ஆடம்பரச் செலவு மாதிரி கூச்சத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கூச்சம் வேண்டாம். வாய் திறந்து பேச, சிரிக்கத் தயங்கும் நிலை வேலையையும் பாதிக்கும், மனதையும் பாதிக்கும். செய்ய வேண்டிய செலவுதான். எப்போது, எந்த வரிசையில் என்பதை மட்டும் பார்ப்போம்.

இரண்டு வருடம் தள்ளிப்போடுவது சிக்கனம் போலத் தெரியும், ஆனால் அதற்கும் விலை உண்டு. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஓராண்டில் அதன் அகலம் ஏறக்குறைய பாதி வரை குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே போய்விடும். முன்பல் பகுதியில் வெளிப்புற எலும்பு இயல்பிலேயே மெல்லியது. எலும்பு போதவில்லை என்றால் திருகை வைக்கும் முன்போ, அதோடு சேர்த்தோ எலும்பு நிரப்பும் சிகிச்சை தேவைப்படும். அது தனிச் செலவு, கூடுதல் மாதங்கள். எனவே முடிவை வருடக்கணக்கில் ஒத்திப்போடாதீர்கள். இந்த மாதமே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வழக்கமான பிரிட்ஜுக்கு இருபக்கப் பல்லையும் செதுக்க வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கெனவே கேப் (பல் வடிவ உறை) இருந்தாலோ, பெரிய அடைப்பு இருந்தாலோ பிரிட்ஜ்தான் நியாயமான செலவு. நானும் அதையே சொல்வேன். இரண்டும் பழுதில்லாத பற்கள் என்றால், ஒரு பல்லுக்காக மூன்று பல்லின் பராமரிப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இன்னொரு வழியும் உண்டு: பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் சிறு இறக்கை வைத்து ஒட்டும் பிரிட்ஜ். செதுக்கல் மிகக் குறைவு, செலவும் குறைவு. கடி பொருந்தினால் பல வருடம் நிற்கும். இதைப் பற்றி மருத்துவர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இப்போது அந்த 'வட்டியில்லா' தவணை. 100 என்று சொல்லும் தொகைக்கு மொத்தமாகக் கட்டினால் 92 போதும். அப்படியானால் உண்மை விலை 92. மீதி 8 தான் வட்டி. கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருவதால், அது ஆண்டுக்குச் சுமார் 16 சதவீத வட்டிக்குச் சமம். செயலாக்கக் கட்டணமும் இருந்தால் இன்னும் ஏறும். அதற்காக அவசரச் சேமிப்பைத் துடைத்தெடுத்து 92 கட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான்கு மாதச் செலவுக்கான பணம் உங்களுக்கு இப்போதே குறைவுதான்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: வேலை நடக்க நடக்கப் பணம். இந்தச் சிகிச்சையே அதற்கு ஏற்றது. டைட்டானியத் திருகு வைத்த பிறகு எலும்பு அதோடு இணைய வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். அதன் பிறகுதான் திருகையும் கேப்பையும் சேர்க்கும் இணைப்புப் பகுதி, கேப் எல்லாம். திருகு வைக்கும்போது ஒரு பங்கு, கேப்புக்கு அளவெடுக்கும்போது ஒரு பங்கு, பொருத்தி முடித்ததும் மீதி என்று கேட்டுப் பாருங்கள். இடைப்பட்ட மாதங்களில் சம்பளத்திலிருந்தே பெரும்பகுதியைச் சேர்த்துவிடலாம். சேமிப்பிலிருந்து ஒரு மாதச் செலவுக்கு மேல் எடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இடத்தில், நடுவில் ஏதாவது சரியில்லை என்றால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் திருகுக்கு மட்டும். இணைப்புப் பகுதி, கேப், ஸ்கேன், தற்காலிகப் பல், தேவைப்பட்டால் எலும்பு நிரப்புதல் எல்லாம் அதில் அடங்குமா? திருகு எலும்போடு சேராமல் போனால் மறுபடி வைக்க யார் செலவு? நீங்கள் புகை பிடிப்பவர் என்றாலோ சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். இரண்டுமே தோல்விக்கான வாய்ப்பைக் கூட்டும். முதலில் அவற்றைச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே மலிவான காப்பீடு.

காப்பீடு என்றதும் ஞாபகம் வருகிறது. விழுந்ததில் போன பல் என்பதால், உங்களிடம் விபத்துக் காப்பீடோ அலுவலகக் காப்பீடோ இருந்தால் விதிகளைப் படித்துப் பாருங்கள். பல் சிகிச்சையை ஒதுக்கும் திட்டங்களில்கூட விபத்துக் காயம் என்றால் பணம் தருவதுண்டு. விழுந்த அன்றைய மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒழுங்காகப் பராமரித்தால் 10 ஆண்டு கழித்தும் 100 திருகுகளில் 90க்கு மேல் நிலைத்து நிற்கின்றன. மேலே உள்ள கேப் மட்டும் 10 முதல் 15 ஆண்டில் மாற்ற வேண்டி வரலாம். அதற்கென மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் ஈறுப் பரிசோதனைக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். திருகின் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் எழுதிய அட்டையைக் கடைசித் தவணை கட்டும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், பொருந்தும் பாகத்தை அவர் அதைப் பார்த்துத்தான் தேட வேண்டியிருக்கும்.