அண்ணன், அக்கா கேட்ட மேற்கத்தியப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் இங்கே உண்டா? அந்த அனுபவம் எப்படி இருந்தது?

உண்டு. எங்கள் வீட்டில் மூன்று பேர், நான் கடைக்குட்டி. அண்ணனுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம், அக்காவுக்கும் எனக்கும் ஏழு. எண்பதுகளில் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தேன். எனக்கு விவரம் தெரிந்தபோது வீட்டில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. டேப் ரிக்கார்டரில் கை வைக்கும் உரிமை வயது வாரியாகத்தான். அதனால் நான் எந்தப் பாட்டையும் தேடிப் போய்க் கேட்டதில்லை, அடுத்த அறையில் ஓடியது காதில் விழுந்தது. அப்படிக் கேட்டால் பாட்டின் வரிசை, குறைகள், சண்டைகள் எல்லாம் சேர்ந்தே மனதில் தங்கிவிடும். உலகம் கேட்ட பாட்டு வேறு, என் காதில் இருக்கும் பாட்டு வேறு.

பொன்மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920களில் இங்கே வந்தது. அதோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைய வந்தன. டிசம்பர் பிறந்தால் அவர்கள் குவார்ட்டர்ஸ்களிலிருந்து அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்கும். மனிதர் 1964லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார், ஆனால் எங்கள் பக்கத்தில் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்துகொண்டிருந்தார். அடுத்த வீட்டு அங்கிளுக்கு இரண்டு பாடகர்கள் மேல் தனிப் பெருமை: கிளிஃப் ரிச்சர்ட் 1940ல் லக்னோவில் பிறந்தவர், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936ல் நம் மதராஸில் பிறந்தவர். “எல்லாம் நம்ம ஊர்ப் பசங்கதான்” என்பார். ஆக, இங்கிலீஷ் பாட்டு என்பது எங்கள் தெருவுக்கு அந்நியச் சரக்கு இல்லை.

வீட்டுக்குள் அது வந்தது சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் வழியாக. கூடவே ஒரு பை நிறைய கேசட். எல்லாம் பளபள அட்டையோடு இருக்கும், எதற்கும் உரிமம் இருந்திருக்காது. அந்த நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1992ல்தான்.

முதலில் அக்கா கட்சி. அது போனி எம், அப்பா என்று இரண்டே பெயர். இந்த அப்பா ஸ்வீடன் நாட்டுக் குழு, 1974ல் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்தவர்கள். “அக்கா அப்பா கேட்கிறாள்” என்று நான் சொல்ல, பாட்டி “அவர் இன்னும் வேலையிலிருந்து வரலையேடா” என்று சொன்னது எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடும் ஜோக்.

நிஜ அப்பாவுக்கு இந்தப் பாட்டுகள் ஆகாது. டிஸ்கோ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். ஆனால் போனி எம் 1978ல் பாடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ மட்டும் எப்படியோ தப்பித்தது. அடுத்த வீட்டு ஆன்ட்டிதான் காரணம். அது பைபிளில் வரும் 137ஆம் சங்கீதம் என்று ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டார். அப்பா யோசித்தார். “சாமி பாட்டுன்னா சரி, ஓடட்டும்.” அவ்வளவுதான், அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் எல்.பி. ரெக்கார்டிலிருந்து பதிவுசெய்து தருவார்கள். அக்கா கொடுத்த பட்டியலில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு இதுதான். அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டதும் கேசட்டைத் திருப்பி, முழுக்கச் சுற்றிவிட்டு, சங்கீதத்தைப் போட்டுவிடலாம். அது முடிந்து ‘ரஸ்புடின்’ தொடங்குவதற்குள் அப்பா கைகால் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருக்க வேண்டும். போவார். அந்தச் சங்கீதப் பாட்டை முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு, 1970ல், அந்த நாட்டில் பிறந்த ரஸ்தஃபாரி என்ற மத நம்பிக்கையோடு பாடியது என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அப்பாவுக்கு அதையும் சொல்லியிருந்தால் அனுமதி நீடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

போனி எம் பற்றி இன்னொன்று. அந்தக் குழுவில் தலைமுடி பறக்க ஆடும் பாபி ஃபாரெலின் படத்தை அக்கா பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். அந்தக் கனத்த ஆண்குரல் அவருடையதே இல்லை. குழுவை உருவாக்கிய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் ஸ்டூடியோவில் தானே பாடி, மேடையில் பாபியை வாயசைக்க வைத்தார். இது தெரிந்து மேற்கே பலர் ஏமாந்ததாக உணர்ந்தார்கள். அதே ஃபாரியன் பின்னால் மில்லி வனில்லி என்று ஒரு ஜோடியை வைத்து இதையே செய்து, 1990ல் அவர்கள் வாங்கிய கிராமி விருது பறிபோனது. நான் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. “டி.எம்.எஸ். பாட சிவாஜி வாயசைச்சா ஒத்துக்கிறோம்ல, இதுல என்ன?” என்றாள். எனக்கும் அதுவே சரியான தீர்ப்பாகப் படுகிறது. பாபி 2010 டிசம்பர் 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இறந்தார். அந்தப் பாட்டின் நாயகன், ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே தேதி, அதே ஊர். இதைக் கேட்டபோதுதான் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அண்ணன் கட்சி வேறு. அவன் திருச்சி ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனதும் வீட்டுக்கு வந்த கேசட்டுகளின் நிறமே மாறிவிட்டது. பிங்க் ஃப்ளாய்ட், டீப் பர்ப்பிள், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்று எல்லாம் இங்கிலாந்து ராக் குழுக்கள். கடையில் வாங்கியது ஒன்றுகூட இருக்காது. யாரோ ஒரு சீனியரிடம் மூல கேசட், அதிலிருந்து டபுள் டெக்கில் ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று, இப்படி அறை அறையாக நகர்ந்து எங்கள் வீட்டுக்கு வரும்போது பாட்டின் மேல் ஒரு இரைச்சல் படிந்திருக்கும், சிம்பல் சத்தம் பாதி கரைந்திருக்கும். பல வருஷம் கழித்து அதே ஆல்பத்தை சி.டி.யில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருந்தது.

இதில் ஒரு கணக்கு உண்டு. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, 1973ல் வந்தது, ஏறக்குறைய 43 நிமிடம். எல்.பி.யில் நடுவில் எழுந்து போய்த் திருப்பிப்போட வேண்டும். அண்ணனின் சி-90ல் முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. மறுபக்கம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 1978ஆம் வருஷ முதல் ஆல்பம், 41 நிமிடம் சொச்சம். பிங்க் ஃப்ளாய்ட் இதயத் துடிப்போடு முடியும். பட்டன் ‘டக்’ என்று எழும்பும். கேசட்டைத் திருப்பினால் மறுபக்கம் துறைமுகத்துக் கப்பல் சங்கு போல ஒரு ஒலியோடு மெதுவாகத் தொடங்கும். இரண்டும் ஒரே ஆல்பம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த இரண்டு குழுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் என் மூளை ஒப்புக்கொள்ளும், காது இன்றைக்கும் ஒப்புக்கொள்ளாது.

பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பத்தில் ஓர் இடத்தில் கடிகாரங்கள் கூட்டமாக அலறும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து கோத்தது. அதற்குச் சற்று முன்னால் எல்லாம் அடங்கிப் போகும். ஒருநாள் ராத்திரி, ஒன்றும் கேட்கவில்லையே என்று அண்ணன் சரியாக அந்த இடத்தில் வால்யூமை ஏற்றினான். அத்தனை மணியும் ஒன்றாக அடித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டில் இருந்த அலாரத்தை இரண்டு தட்டுத் தட்டி, “சங்கு ஊதிடுச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். பணிமனைச் சங்குக்குப் பழகிய உடம்பு. நாங்கள் மூன்று பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம். அந்த இரண்டு கட்சியும் ஒன்றாகச் சிரித்தது அபூர்வம்.

கடைக்குட்டிக்கு இதிலெல்லாம் என்ன வேலை என்றால், எடுபிடி. பேட்டரி தீராமல் இருக்க கேசட்டைப் பென்சிலில் சுற்றுவது என் பொறுப்பு. கேசட் சக்கரத்துக்கு ஆறு பல், பென்சிலுக்கு ஆறு பக்கம், கச்சிதமாக உட்காரும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பதும் நான்தான். டேப் சிக்கி அறுந்துபோனால் அண்ணன் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கேசட்டைத் திறந்து, கசங்கிய துண்டை வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அக்காவின் நெயில் பாலிஷால் ஒட்டுவான். காயும்வரை நான் மூச்சு விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் பாட்டு ஒரு விக்கல் விக்கும். நெயில் பாலிஷ் குறைந்திருப்பதைப் பார்த்து அக்கா போடும் சத்தம் தனி.

பெரிய சண்டை ஒன்றும் நடந்தது. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு செய்ய முடியாது. அக்கா தன் அப்பா கேசட்டில் அதை உடைத்துத்தான் வைத்திருந்தாள். அண்ணன் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’டை அதன்மேல் ஏற்றிவிட்டான். அவன் பக்க நியாயம்: விடுதிக்கு அந்த கேசட் ஒரு ராத்திரிக்குத்தான் வந்தது, கையில் வெற்று கேசட் இல்லை. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ‘மெஷின் ஹெட்’ 37 நிமிடம்தான். அது முடிந்ததும் ஒரு சின்ன ‘டொக்’, அப்புறம் அழியாமல் மிஞ்சிய அப்பா பாட்டு பாதியிலிருந்து தொடங்கும். ஸ்விட்சர்லாந்தின் மான்த்ரோ நகரில் 1971 டிசம்பரில் சூதாட்ட விடுதி தீப்பிடித்து எரிந்தது, அதனால் ஒரு ஹோட்டல் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி வைத்து அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள் என்று அண்ணன் எனக்குக் கதை கதையாகச் சொல்வான். எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தத் தீக்குப் பிறகு திடீரென்று வரும் இரண்டு பெண்குரல்கள்தான்.

மைக்கேல் ஜாக்சன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவர் தெருவுக்கே பொது. பள்ளி ஆண்டுவிழாவில் யாராவது ஒருவன் பின்னோக்கி நடக்காமல் இருந்ததில்லை.

இதற்கு நடுவில் தமிழ்ப் பாட்டு கேட்கவில்லையா என்று சிலர் கேட்பீர்கள். வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் இளையராஜாதான். டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும். அண்ணன் அவரை முதலில் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பாட்டில் பேஸ் கிடாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். “பாடுறவனை விடு, அடியில என்ன ஓடுதுன்னு பாரு” என்பான். அந்தப் பாடத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து ராஜா பாட்டைக் கேட்டபோது தலை சுற்றியது. அடியில் சசிதரனின் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, பின்னால் புருஷோத்தமனின் டிரம்ஸ். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சிரித்தான். ஒரு வாரம் கழித்து அவனுடைய டி.டி.கே. கேசட் ஒன்றில் ராஜா பாட்டுகள் பதிவாகியிருந்தன. மேல் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. கட்சி மானம்.

பிறகு அண்ணன் வேலைக்கு மஸ்கட் போனான், அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, டேப் ரிக்கார்டர் என் கைக்கு வந்தது. 1991ல் ஸ்டார் டி.வி. வந்து, கேபிளில் எம் டி.வி. தெரிய ஆரம்பித்தது. அடுத்த வருஷமே ‘ரோஜா’ வந்துவிட்டது. எனக்கென்று ஒரு இசை இருந்தது என்றால் அது அந்தக் காலத்தில்தான். அதைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதைக் கேட்டபோது சண்டை போட வீட்டில் யாரும் இல்லை.

இப்போதும் கேட்கிறீர்களா என்றால், கேட்கிறேன். அண்ணனின் மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே 2022லிருந்து அப்பா குழுவின் மெய்நிகர் கச்சேரி நடக்கிறது. நிஜ வாத்தியக்காரர்கள் மேடையில் வாசிக்க, நால்வரும் இளமை உருவத்தில் திரையில் தோன்றிப் பாடுவார்கள். மகள் பிடிவாதமாக அண்ணனை அழைத்துப் போனாள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால் வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டான், “நல்லாத்தான் இருந்துச்சு” என்று ஒரு வரியோடு.

அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: “இதைக் கேட்கத்தான் அன்னைக்கு என் கேசட்டை அழிச்சியா அண்ணே?” அண்ணன் ஒரு கும்பிடு எமோஜி போட்டான். அவள் விடவில்லை, அழிந்துபோன பாட்டுகளின் பட்டியலை வரிசை மாறாமல் தட்டச்சு செய்து போட்டாள். எனக்கு அதில் கடைசி ஒன்றரைப் பாட்டுதான் தெரியும்.