எக்செல் முகவரிப் பட்டியலை கூகுள் மை மேப்ஸில் ஏற்றும் முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

மை மேப்ஸில் (நாமே புள்ளிகள் வைத்து மேப் தயாரிக்கும் கூகுள் வசதி) பட்டியலை ஏற்றினால் பாதிப் புள்ளிகள் எங்கெங்கோ போய் விழுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சி கல்யாணத்தின்போது நானும் இதே பாடு பட்டேன்.

கோபி, அந்தியூர், காங்கேயம், தாராபுரம் என்று நாலு பக்கமும் சொந்தம். நேரில் போய்ப் பத்திரிகை வைக்காவிட்டால் எங்கள் பக்கம் அது அழைப்பிலேயே சேராது. அப்பாவின் நோட்டில் இருந்த 412 வீடுகளையும் எக்செல்லில் அடித்து, முகவரி நெடுவரிசையைக் காட்டி அப்படியே ஏற்றினேன். டவுன் வீடுகள் ஓரளவு சரியாக விழுந்தன, தோட்டத்து வீடுகள்தான் மொத்தமாகத் தப்பிப் போயின. 'பெரியதோட்டம், புதூர்' என்று எழுதினால் தபால்காரருக்குப் போதும், மேப்புக்குப் போதாது. வலசு, பாளையம், புதூர் என்று முடிகிற ஊர்கள் கொங்கு நாட்டில் அத்தனை இருக்கின்றன. சேலம் என்று மட்டும் போட்டாலும் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத் தலைநகருக்கும் அதே பெயர்தான், அதனால் டவுன் முகவரியிலும் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்கு முகவரியை நம்பவே வேண்டாம். அந்த வீட்டுக்காரரிடம் வாட்ஸப்பில் லொகேஷன் கேளுங்கள், இல்லையென்றால் கூகுள் மேப்ஸில் வீட்டின் மேல் அழுத்திப் பிடியுங்கள், 11.34083, 77.71720 என்பது மாதிரி இரண்டு எண் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். நம் பக்கத்து ஊர்களுக்கு முதல் எண் 10, 11 என்றும் அடுத்தது 76, 77, 78 என்றும்தான் தொடங்கும். மாற்றிப் போட்டுவிட்டால் புள்ளி வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே போய் உட்காரும், என் பட்டியலில் ஏழு வீடு அப்படிப் போனது. பாகை, நிமிடம், விநாடி என்று யாராவது கொடுத்தால் நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்; 11°20'27" என்பது 11.34083 ஆகும்.

தசமத்தில் கவனமாக இருங்கள். எக்செல் அந்த நெடுவரிசையை இரண்டு தசமத்தோடு காட்டுகிறது என்றால், சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது காட்டுகிற அளவுதான் கோப்பில் போகும். இரண்டு தசமம் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அதற்குள் வேறொருவர் தோட்டமே வந்துவிடும். ஐந்து தசமம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம், அது போதும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், சாதாரண சிஎஸ்வியில் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மை மேப்ஸ் எக்செல் கோப்பையே வாங்கிக்கொள்ளும் என்பதால் நான் இப்போது சிஎஸ்வி பக்கமே போவதில்லை.

அப்புறம், தாலுகா பெயரை ஒரே கட்டமாக இணைத்து (மெர்ஜ்) அழகாக வைத்திருப்பார்கள் இல்லையா, அதைப் பிரித்து ஒவ்வொரு வரியிலும் பெயரை நிரப்புங்கள், இல்லையென்றால் முதல் வரிக்கு மட்டும்தான் தாலுகா இருக்கும். காங்கேயம், காங்கயம் என்று இரண்டு விதமாக எழுதியிருந்தாலும் ஒன்றாக்குங்கள். தாலுகாவாரியாக நிறம் கொடுக்கும்போது அவை இரண்டு ஊராகப் பிரிந்துவிடும். முதல் வரி தலைப்பாக இருக்கட்டும். ஒரு லேயருக்கு (மேப்பில் ஓர் அடுக்கு) 2,000 வரி வரைதான் ஏறும், கல்யாணப் பட்டியலுக்கு அது தாராளம்.

முழுசாக ஏற்றும் முன் பத்து வரியை மட்டும் ஏற்றி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வீடுகளின் மேல் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். மேப்பின் லிங்கைப் பங்காளிகளுக்கெல்லாம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், செல்போன் எண் இருக்கும் நெடுவரிசையை அதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், லிங்க் யார் கைக்கெல்லாம் போகும் என்று நம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.