வீட்டில் 86 ஓவியங்கள்: நகையை அடகு வைத்து இன்னும் வரையலாமா?

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன். தேயிலை மலை, தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகள், கொழுந்து பறிப்பவர்கள் என்று அக்ரிலிக்கில் வரைகிறேன். வீட்டில் 86 ஓவியங்கள் விற்காமல் கிடக்கின்றன. எல்லயிலும் கண்டியிலும் உள்ள கலரிகளில் 23 இருக்கின்றன. ஏப்ரல் நுவரெலியா சீசனுக்காக மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் 30 வரையலாமா? இல்லையென்றால் இருப்பதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் காசு ஏற்கனவே 109 ஓவியங்களில் முடங்கிக் கிடக்கிறது. அடகு வட்டி மாதாமாதம் ஏறும்; ஓவியம் எந்த மாதம் விற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் மூழ்குவது நகைதான்.

பாதி விலைக் கணக்கைப் பாருங்கள். 24க்கு 36 அங்குல ஓவியம் ஒன்றுக்கு கன்வஸ், அதை இழுத்துக் கட்டும் மரச்சட்டம், பெயின்ட் 9,000 ரூபா, பிரேம் 7,000, விற்பனை விலை 60,000 என்று வைப்போம். கலரி 40 வீதம் கழித்தால் கைக்கு வருவது 36,000. செலவு போக மிச்சம் 20,000. கலரிக்காரர் உங்களைக் கேட்காமல் 20 வீதம் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 12,800 ஆகிவிடும். பாதி விலைக்கு விற்றால் 2,000 ரூபா. அதோடு, போன வருடம் முழு விலை கொடுத்து வாங்கியவரின் நம்பிக்கையும் போய்விடும்.

முதலில் ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதைப் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். கன்வஸில் மார்க்கரால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவரும். அளவு, முடித்த மாதம், செலவு, விலை, இப்போது எங்கே இருக்கிறது, விற்ற காசு வந்ததா என்பவற்றைக் கொப்பியில் குறியுங்கள். மார்ச் 31ஆம் திகதி வரி ஆண்டு முடிவதால், அன்றைய இருப்புக் கணக்கும் இதிலிருந்தே வரும். விற்காத ஓவியத்தை 60,000 என்று எழுதாதீர்கள். செலவு விலையான 16,000தான் இருப்பின் பெறுமதி. வருடம் முழுக்க வாங்கிய பெயின்டையெல்லாம் அந்த வருடச் செலவாகக் காட்டுவதும் பிழை; விற்காத ஓவியங்களில் அடங்கிய செலவைக் கழிக்கவேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. உங்கள் வருமானம் அதற்குள் இருந்தாலும் பற்றுச்சீட்டுகளை எறியவேண்டாம்.

கலரியில் இருக்கும் 23க்கும் கையொப்பமிட்ட பட்டியல் இருக்கிறதா? வாய்ப்பேச்சில் கொடுத்திருந்தால் இந்த வாரமே போய் எழுதி வாங்குங்கள். கடை கைமாறும் நாளில் அந்தத் தாள் இல்லாமல் ஓவியம் உங்களுடையது என்று காட்டுவது மிகக் கஷ்டம். தள்ளுபடி 10 வீதத்துக்கு மேல் போனால் அது கலரியின் பங்கிலிருந்து, விற்று 30 நாளுக்குள் காசு, சேதமானால் யார் பொறுப்பு, 6 மாதம் விற்காவிட்டால் திருப்பித் தருவது: இவ்வளவும் அதில் இருக்கவேண்டும்.

மலைநாட்டில் இருப்பைத் தின்பது ஈரம். சட்டத்தின் அடிக்கட்டைக்கும் கன்வஸுக்கும் இடையில்தான் பூஞ்சணம் முதலில் வெள்ளைப் பொடியாகத் தெரியும். ஓவியங்களை வெளிச்சுவரில் சாய்க்காமல், நிலத்திலிருந்து 4 அங்குலம் உயர்த்திப் பலகையில் நிமிர்த்தி வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றினால் உள்ளேயே வியர்க்கும். அக்ரிலிக்கோ பொலித்தீனில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்திச் சேலை போதும்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள்தான் வாகனத்தில் வரும். பிரேம் போட்டது அங்கே போகும். எல்லயில் நிற்பவர் முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டவர். அவருக்குப் பிரேம் பாரம். நீங்கள் நேரடியாக விற்பதென்றால் பிரேம் இல்லாமல் 53,000க்குக் கொடுங்கள். உங்களுக்கு 44,000 மிஞ்சும். பிரேம் காசை மட்டுமே குறைப்பதால் கலரி விலையை நீங்கள் வெட்டியதாகவும் ஆகாது. 1993இலிருந்து கொழும்பில் நடந்துவரும் ஓவியச் சந்தையான கலா பொலவிலும் வாங்குபவரை நேரில் பார்த்து விற்கலாம்.

பிரேம் இல்லாமல் விற்கும்போது கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டும் முறை முக்கியம். பெயின்ட் பக்கம் வெளியே இருக்கவேண்டும். குழாய் 6 அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது. குளிரில் அக்ரிலிக் விறைத்து வெடிக்கும் என்பதால் பனிக்காலையில் சுருட்டாதீர்கள். கன்வஸைச் சூடான அறையில் இரண்டு மணித்தியாலம் வைத்துவிட்டுச் சுருட்டுங்கள்.