நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடமாக டிமென்ஷியா என்ற மறதி நோய். இரவில் கொடுக்கச் சொல்லி டாக்டர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையை எழுதியிருக்கிறார். புடவை நனைகிறது என்று நாலு மணிக்கு மேல் தண்ணீர் தருவதில்லை. என் மனைவிதான் எல்லாம் பார்க்கிறாள். இரண்டு வாரமாக ராத்திரியில் கத்துகிறார், மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார், அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டுகிறார். ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை கொடுத்துப் பார்க்கிறோம். இன்னும் கூட்டலாமா, முதியோர் ஹோமில் சேர்க்கலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, மாத்திரை இருக்கட்டும். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். நம் பக்கத்து வெயிலில் நாலு மணியிலிருந்து விடியும்வரை ஒரு மடக்குகூட இல்லாமல் நீங்கள் இருப்பீர்களா? பாத்திரத்தை உருட்டுகிறாராம். தாகம் என்று சொல்ல வார்த்தை வராதவர் சொம்பைத் தேடியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மனநல வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில், 'முற்றிவிட்டது' என்று தூக்கி வருகிற பாட்டிகளின் நாக்கைத்தான் முதலில் பார்ப்போம். வெயிலில் போட்ட தோல் மாதிரி வறண்டு வெடித்திருக்கும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும். இந்த வயதில் அது காய்ச்சலாகத் தெரியாமல், கத்தலாகவும் இல்லாத ஆளைப் பார்ப்பதாகவும் வெளிப்படலாம். இந்தத் திடீர் மனக்குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். மறதி நோய் மெதுவாக நகர்வது. இரண்டு வாரத்தில் ஆளே மாறிப்போனால் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கடைசியாக எப்போது மலம் போனார் என்று கேட்பார், தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாவது மாத்திரையை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து தந்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்தது. உடம்பு விறைக்கும், நடை தடுமாறும், விழுங்கும்போது புரையேறும். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். அதிகமாகக் கொடுத்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தண்ணீர், மோர், கூழ் எல்லாம் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் குறைத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போங்கள். புடவைக்குப் பதில் நைட்டி போடுங்கள், இரவுக்கு டயப்பர்.

ஹோம் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஈரத்துணிக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திய வீடு, அதை யோசிக்கும் முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளும் தங்குவது பல காலமாக இருக்கிற வழக்கம். அந்த வீட்டு ஆள் எப்போதும் மருமகளாகவே இருக்க வேண்டுமா? ஒரு நாளாவது நீங்கள் ஈரத்துணி மாற்றியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெற்ற பிள்ளை நீங்கள். தண்ணீரை நிறுத்தியது அந்தப் பெண்ணின் கொடுமை அல்ல, தனியாகச் சுமந்த களைப்பு.

இன்று ராத்திரி உங்கள் மனைவி தூங்கட்டும். அம்மாவின் கட்டில் பக்கத்தில் நீங்கள் பாயைப் போடுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு.