முதலில் தேதி, அப்புறம் பெயின்ட்

கேள்வி (தொண்டி): 1944-ல் பர்மா முனையில் பறந்த இந்திய ஹரிக்கேன் போர் விமானத்தை 1:72 அளவில் மாடலாகச் செய்கிறேன். கிட்டில் (பாகங்கள் அடங்கிய பெட்டியில்) வந்த டிகாலில், அதாவது ஒட்டும் படத்தில், விமானப்படை வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு இருக்கிறது. பழைய படத்தில் நடுப்பகுதி வெளுத்துத் தெரிகிறது. எதை நம்புவது?

படத்தை நம்புங்கள். ஜப்பானிய விமானங்களின் சின்னமே சிவப்பு வட்டம். தூரத்தில் பார்த்துக் குழம்பி நம் ஆளை நம் ஆளே சுட்டுவிடக் கூடாது என்பதால் இந்த முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம், அவ்வளவுதான். கிட்டில் வந்திருப்பது ஐரோப்பிய முனைக்கான டிகாலாக இருக்கும். இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இருந்த முதலாம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். பீடத்தில் பெயர்ப்பலகை வைப்பதாக இருந்தால் இந்திய விமானப்படையின் பெயரோடு ‘ராயல்’ சேர்க்காதீர்கள். அந்தப் பட்டம் 1945 மார்ச்சில்தான் கிடைத்தது.

கருப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்து ஒருவகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். மஞ்சள்கூட இருண்டுதான் தெரியும். அதனால் ஒரு படத்தில் உள்ள சாம்பல் அடர்த்தியை மட்டும் வைத்து ‘இது சிவப்பு’ என்று சொல்லிவிட முடியாது. அதே விமானத்தின் இன்னொரு படம், அல்லது அதே மாதம் அதே தளத்தில் நின்ற வேறு விமானத்தின் படம் வேண்டும். கணினி வண்ணமேற்றிய படங்களை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றில் இருப்பது ஊகம்.

இதே விமானப்படையின் 1947-48 காஷ்மீர்ப் போர் டெம்பெஸ்ட் விமானத்தைச் செய்தால் அசோகச் சக்கரம் போட வேண்டும். மூவண்ண வட்டம் குடியரசான பிறகு வந்தது. ஆறே ஆண்டுகளுக்குள் மூன்று சின்னங்கள்! எந்த ஆண்டு, எந்த விமானம் என்று முடிவாகாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கேள்வி (உச்சிப்புளி): எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே கடற்படை டோர்னியர் விமானம் பறக்கிறது. ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்தில் நிற்பதை வேலிக்கு வெளியே இருந்து படம் எடுத்து டீட்டெயில் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. பாதுகாப்புத் தளங்களைப் படமெடுப்பது 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். கடற்படையே வெளியிடும் படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கண்ணால் பார்ப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, அது போதும். வயிற்றுப் பகுதியில் ரேடார் உப்பலைக் கவனியுங்கள். கிட் புதிய தலைமுறை டோர்னியரை ஒட்டியதாக இருந்தால் புரொப்பெல்லருக்கு ஐந்து இதழ் இருக்கும். பழைய டோர்னியர் 228-க்கு நான்குதான்.

கேள்வி (ராமேஸ்வரம்): 1987-ல் யாழ்ப்பாணத்துக்கு இந்தியா நிவாரணம் போட்ட பூமாலை நடவடிக்கையை டயோரமாவாக (காட்சி மாதிரியாக) செய்ய ஆசை. கீழே நம் படகுகள், மேலே ஏ.என்.-32 சரக்கு விமானம், பின்னால் பாம்பன் சாலைப் பாலம். சரியா?

அழகாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை. நிவாரணப் பொருளோடு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் கிளம்பியது ஜூன் 3. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தில் பொதிகளைப் போட்டது மறுநாள், ஜூன் 4. அவை கிளம்பியதும் பெங்களூரிலிருந்து. சாலைப் பாலமோ 1988-ல்தான் திறக்கப்பட்டது. படகை வையுங்கள், அல்லது விமானத்தை வையுங்கள். என்னைக் கேட்டால் படகு. அதை யாரும் செய்வதில்லை.

படகுக்கு இன்று துறைமுகத்தில் நிற்பவற்றைப் பார்த்து நிறமும் எண்ணும் எழுதாதீர்கள். சென்னை கன்னிமாரா நூலகத்தில் அந்த ஜூன் மாதத்துப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். அப்புறம் அந்தப் படகுகளைக் கட்டிய, ஓட்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எஞ்சின் எங்கே இருந்தது, கயிறு எப்படிச் சுற்றியிருந்தது என்பதில் அவர்கள் ஞாபகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேதிக்கும் நிறத்துக்கும் மட்டும் பத்திரிகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): 1801 மருது படை வீரன் ஒருவன், எதிரே கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய் ஒருவன். 54 மி.மீ. உருவங்கள். ராமலிங்க விலாசம் ஓவியங்களைப் பார்த்து உடை வரையலாமா?

அரண்மனைச் சுவரோவியங்கள் அருமையான ஆதாரம்தான், ஆனால் 18-ம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு. தஞ்சை மராட்டியரோடு சேதுபதி போரிடும் காட்சிக்கு அவற்றை அப்படியே எடுக்கலாம். 1801-க்கு இரண்டு தலைமுறை தாண்டிவிட்டது. மருதுவுக்கு ஜேம்ஸ் வெல்ஷ் உதவுவார். அந்தப் போரில் இருந்த கும்பினி அதிகாரி. ஈட்டி எறியவும் வளரி (வளைந்த எறிகோல்) வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று 1830-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எதிரியின் கண், அதுவும் பல வருடம் கழித்து எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். வளரிக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளதைப் பாருங்கள். 54 மி.மீ. உருவம் ஏறக்குறைய 1:32 அளவு என்பதால், அதன் நீளத்தை 32-ஆல் வகுத்தால் உங்கள் உருவத்துக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

சிப்பாயிடம்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நெப்போலியன் போர் ஆங்கிலேய உருவத்தை வாங்கி முகத்துக்குப் பழுப்பு அடித்தால் மதராஸ் சிப்பாய் ஆகிவிடாது. சிவப்புக் கோட்டு சரி. கீழே தொடையளவு வெள்ளை ஜாங்கியா, வெறுங்கால், செருப்பு. நெற்றியில் நாமமோ திருநீறோ, காதில் கடுக்கன், மீசை எல்லாம் தாராளமாக வைக்கலாம். நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை போட்டு, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைத் திணித்த உத்தரவு 1805 நவம்பரில்தான் வந்தது. 1806-ல் வேலூர் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த உத்தரவே உங்கள் காட்சிக்கு நான்கு வருடம் கழித்து.

தரைக்கு இன்னொன்று: சீமைக்கருவேலம் நடாதீர்கள். இன்று நம் மாவட்டமே அதுதான் என்றாலும், இந்தியாவுக்கே அது 1870-களில்தான் வந்தது. பனையும் குடைவேலமும் வையுங்கள்.

கேள்வி (கீழக்கரை): கிட் அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

நிஜ அளவை ஸ்கேலால் வகுத்து, அடிஸ்கேலை வைத்துப் பாருங்கள். டோர்னியர் 228-ன் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 16.97 மீட்டர், 1:72-ல் 23.6 செ.மீ. வர வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தால் விட்டுவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். மூக்கின் வளைவு தப்பாக இருந்தால்தான் பார்த்தவுடன் தெரியும். புட்டி (இடைவெளி நிரப்பும் பசை) வைத்துத் தேய்ப்பதானால் அங்கே தேயுங்கள்.