கேத் லேப் டெக்னீஷியனுக்குத் தனியாகப் புற்றுநோய் பாலிசி தேவையா?

கேள்வி: மதுரையில் தனியார் மருத்துவமனை கேத் லேபில் (எக்ஸ்ரே உதவியோடு இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் அறை) 10 ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 34, சம்பளம் ரூ.32,000. உடலில் படும் கதிர்வீச்சைப் பதியும் டிஎல்டி பேட்ஜில் ஆண்டுக்கு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு) வருகிறது. மருத்துவமனை தரும் குரூப் இன்ஷூரன்ஸ் ரூ.3 லட்சம்தான். ‘கதிர்வீச்சு வேலை, ரூ.25 லட்சத்துக்கு கேன்சர் பாலிசி எடுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: முதலில் பயத்தை அளந்துவிடுவோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) வரம்பு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 10 ஆண்டுக்கும் சேர்த்தே 20. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி இதனால் கூடும் புற்றுநோய் ஆபத்து 10,000 பேரில் சுமார் 8 பேருக்கு. இந்தியாவில் பொதுவாகவே 9 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) மதிப்பீடு. ஆக, பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் அதற்குக் காரணம் உங்கள் வேலை மட்டுமல்ல.

சொந்தப் பெயரில் ரூ.10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் சேர்த்த மருத்துவச் செலவு பாலிசி) எடுப்பதுதான் முதல் வேலை. குரூப் கவர் வேலையோடு போய்விடும். சிகிச்சையால் வேலையை விட நேர்ந்தால், தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது.

அடுத்து கிரிட்டிக்கல் இல்னஸ் கவர்; பட்டியலில் உள்ள கடும் நோய் கண்டறியப்பட்டால் மொத்தமாகப் பணம் தரும் பாலிசி. இது சம்பளம் நின்றுபோகும் காலத்துக்கான பணம். இரண்டு ஆண்டுச் சம்பளம் ரூ.7.68 லட்சம் என்பதால் ரூ.10 லட்சம் போதும். இதிலும், கேன்சர் மட்டும் பாலிசியிலும், விதிவிலக்குப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். கதிர்வீச்சோடு அதிகம் தொடர்புபடுத்தப்படும் தைராய்டு புற்றுநோய், 2 செ.மீ.க்குள் அடங்கி வேறெங்கும் பரவாமல் இருந்தால், கிரிட்டிக்கல் இல்னஸின் நிலையான வரையறைப்படி பணம் கிடைக்காது. அறுவைசிகிச்சைச் செலவை ஃப்ளோட்டர் ஏற்கும். அதனால்தான் அதை முன்னால் வைத்தேன். பெரும்பாலான பாலிசிகளில் முதல் 90 நாளில் கண்டறியப்படும் நோய்க்கும் பணம் கிடையாது.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பவே விடாதீர்கள். ‘மருத்துவமனை ஊழியர்’ என்று போட்டால் போதாது; ‘கேத் லேப் டெக்னீஷியன், கதிர்வீச்சுப் பணி’ என்றே இருக்கட்டும். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது பேட்ஜ் விஷயத்தில்தான். லெட் ஏப்ரனுக்குள் (ஈயக் கவச அங்கி), மார்பில் இருக்க வேண்டிய பேட்ஜை ஏப்ரனோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அறையிலேயே கிடந்தால் நீங்கள் வாங்காத டோஸ் ஏறும். லாக்கரில் கிடந்தால் வாங்கிய டோஸ் பதிவாகாது. அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் ஊழியர் இழப்பீடு குறித்த சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. நாளை இழப்பீடு கேட்க நேர்ந்தால் இந்தப் பதிவுதான் உங்கள் முக்கியச் சான்று. காலாண்டு அறிக்கையின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, பாலிசிப் பத்திரத்தோடு வையுங்கள். வேலை மாறினால், மொத்த டோஸ் விவரத்தை எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.