ஸ்டியரிங் ஏன் கையை இழுக்கிறது?

கேள்வி: இத்தனை வருடமும் ஓட்டியது ஒரே சின்ன கார்தான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட், சாவியை எடுத்தால் ஆஃப். இப்போது வீட்டில் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. வாங்கியிருக்கிறோம். நான்கு வழிச் சாலையில் ஒதுங்கினால் ஸ்டியரிங் என் கையை எதிர்த்து இழுக்கிறது. சிக்னலில் இன்ஜின் தானாக நின்றுவிடுகிறது. எண்பதைத் தாண்டினால் பீப் சத்தம். டெலிவரி அன்று ஷோரூம் பையன் மளமளவென்று சொன்னதில் பாதி மனதில் நிற்கவில்லை. எதையெல்லாம் ஆஃப் செய்து வைக்கலாம்?
– 63 வயது வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஸ்டியரிங். முன் கண்ணாடியின் மேல்பகுதியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். அது சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வரும். இண்டிகேட்டர் போடாமல் நீங்கள் கோட்டைத் தாண்டினால், அசந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு வண்டியை உள்ளே திருப்பப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டுவிட்டு ஒதுங்கிப் பாருங்கள், சும்மா இருக்கும். நம்மில் பாதிப் பேருக்கு இல்லாத பழக்கம், கார் கற்றுக்கொடுக்கட்டும். ஆனால் ஊருக்குள்ளும், பழைய கோடு அழியாமல் பாதை மட்டும் மாற்றிவிட்டிருக்கும் சாலைப் பணி இடங்களிலும் இது தொல்லைதான். அங்கே தயங்காமல் ஆஃப் செய்யுங்கள். சில கார்களில் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானே ஆன் ஆகிவிடும், கவனியுங்கள்.

மோதப்போகிறது என்றால் தானாக பிரேக் போடும் வசதியை மட்டும் ஆஃப் செய்யாதீர்கள். பைக்குகள் குறுக்கே புகும்போதெல்லாம் எச்சரிக்கை வந்து எரிச்சலாகத்தான் இருக்கும். பல கார்களில் எச்சரிக்கை முன்கூட்டியே வர வேண்டுமா, தாமதமாக வந்தால் போதுமா என்று செட்டிங்கில் மாற்றலாம். தாமதமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சிக்னலில் இன்ஜின் நிற்பது பெட்ரோல் மிச்சம் பிடிக்க. ‘ஏ’ என்ற எழுத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்தினால் இந்த வசதி ஆஃப் ஆகிவிடும். எனக்குப் பயம் வேறு இடத்தில். பழைய வண்டியில் சத்தம் இல்லை என்றால் இன்ஜின் ஆஃப். இதில் அப்படி இல்லை. கியர் ‘டி’யில் (வண்டி ஓடும் நிலை) இருக்க, வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் மறுபடி கிளம்பி வண்டி நகரும். அதனால் இறங்குவதற்கு முன் இந்த வரிசை மாறக் கூடாது: கியரை ‘பி’க்கு (பார்க்கிங் நிலை) கொண்டுவாருங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள், மீட்டர் அணைவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அப்புறம், இப்படி இன்ஜின் தானாக நின்று கிளம்பும் வண்டிக்கு பேட்டரி மாற்றும்போது விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போடாதீர்கள், சீக்கிரம் போய்விடும்.

எண்பதில் வரும் பீப்பை ஷோரூமில் எடுத்துத் தர மாட்டார்கள். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் அது சட்டப்படி கட்டாயம். 80ஐத் தாண்டினால் விட்டு விட்டு வரும், 120ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். வெளியே எலக்ட்ரீஷியனிடம் போய் ஒயரை வெட்டினால் வாரண்டியில் தகராறு வரும்.

சாவியிலும் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியால் கதவைத் திறக்கலாம். பல கார்களில் பேட்டரி தீர்ந்த அந்தப் பெரிய சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் இன்ஜின் கிளம்பும். நடுவழியில் தேடாமல் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

முதல் இலவச சர்வீஸுக்குப் போகும்போது மறுபடி விளக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், காசு கொடுத்தது நீங்கள். இந்த முறை டிரைவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள், விளக்குபவர் பக்கத்தில் உட்காரட்டும். அப்போதே இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவையும் திரும்பச் சரிபார்த்துப் பொருத்த வேண்டியிருக்கும், அந்தச் செலவு உங்கள் இன்சூரன்ஸில் வருமா என்று.